மண்டோர் எழுதிய காரணம்

காரணம் இல்லாமல் அவர் தும்மிக்கூட நான் பார்த்ததில்லை. தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பதிமூணாம் நம்பர் காட்டுல உரம் போடுறானுங்க" என்று சுற்றியிருப்பவர்களுக்கு விளக்கம் கொடுத்துவிடுவார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மலேசியாவில் கெமாஸ் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர். குலை வெட்டுகிற கும்பலை மேய்ப்பது அவர் வேலை. நான் அந்தக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிற லாரிக்காரன். அதற்கு முன்னால் ஆறு வருடம் அவர் கும்பலிலேயே குலை வெட்டினேன். வெட்டினேன் என்பது சம்பளச் சீட்டின் அபிப்பிராயம். அவருடைய அபிப்பிராயம் வேறு.

விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்க வைத்து ஆள் எண்ணுவார். நேற்று வராதவன் முன்னால் வந்ததும் நின்று, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, "செபாப் அபா?" என்பார். செபாப் என்றால் மலாயில் காரணம். தமிழனோ, வங்காளதேசியோ, இந்தோனேசியனோ, எல்லாருக்கும் அதே கேள்வி, அதே குரல். அதனால் வங்காளதேசி ஆட்கள் அவருக்கு 'பக் செபாப்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் ஐயா. அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியது. வைத்ததற்கு என்ன காரணம் என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

வயிற்று வலி என்றால் முந்தின நாள் என்ன தின்றாய் என்று கேட்பார். மோட்டார் சைக்கிள் கெட்டுப்போனது என்றால் எந்தப் பாகம் என்று கேட்பார். பெண்டாட்டியோடு சண்டை என்று ஒருவன் உண்மையைச் சொன்னபோது, யார் ஆரம்பித்தது என்று கேட்டார். ஆனால் சாவு என்று சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடும். செத்தது யார், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள், ஒன்றும் கிடையாது. எழுதிக்கொண்டு "போயிட்டு வா" என்பார். அவ்வளவுதான்.

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி நான். எனக்கு பாகாவில் ஒரு தாய்மாமா. அவரை நான் நான்கு முறை சாகடித்திருக்கிறேன். ஒருமுறை பந்து விளையாட்டுப் பார்க்க, இருமுறை மீன் பிடிக்க, ஒருமுறை வெறுமனே போர்த்திக்கொண்டு தூங்க. மாமா இன்றைக்கும் என்னைவிட நிமிர்ந்து நடக்கிறார். அவருடைய நான்காவது சாவன்று சாயங்காலம், தூண்டிலும் மூன்று கெளுத்தி மீனுமாக நான் மோட்டாரை வாசலில் நிறுத்துகிறேன், எதிரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டோர் நிற்கிறார். துக்கம் கேட்க வந்திருக்கிறார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாமா காரியம் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தக் குரலில் துளி கிண்டல் இல்லை. இந்தக் கதையை இருபது வருடமாகக் கல்யாண வீடு, கருமாதி வீடு பாராமல் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவர் மட்டும் எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொள்வார். நகைச்சுவை புரியாத ஜென்மம் என்று அவருக்காக நான் இரக்கப்பட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு கதவு தள்ளி. சாயங்காலம் வந்து ஒரு தேநீர் குடித்து ஊர்வம்பு பேச மற்ற மனிதர்களைப் போலவே அவருக்கும் ஆசைதான். அதற்கும் காரணம் வேண்டுமே. அவர் கண்டுபிடித்த காரணம் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் கொஞ்சம் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி எடுத்து வருவார். "அண்ணி குடுத்தா" என்பார், உட்காருவார், ஒரு மணி நேரம் பேசுவார். கிண்ணம் எங்கள் வீட்டில் தங்கும். அதைத் திருப்பிக் கொடுக்க நான் போக வேண்டும். வெறும் கிண்ணத்தை நீட்டுவது மரியாதை இல்லை என்று என் மனைவி எதையாவது போட்டு அனுப்புவாள். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் கிண்ணம் எங்கள் இரண்டு பேரைவிட அதிகமாக வேலை செய்தது. அது முதலில் யார் வீட்டுக் கிண்ணம் என்று ஒருநாள் எங்கள் இரண்டு வீட்டுக்காரிகளுக்கும் சந்தேகம் வந்து, அடியில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார்கள். மூன்றாவதாக யாரோ ஒரு அம்மாவின் பெயர் இருந்தது.

அவர் மனைவியைத்தான் நான் அண்ணி என்பேன். காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டவள். பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். மகள் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. அந்தப் பெண் தன் தோழிகளோடு ஒரு தீம் பார்க்குக்குப் போய் எடுத்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். உயரத்திலிருந்து ஒரு படகு சறுக்கி வந்து தண்ணீரில் பொத்தென்று விழுகிறது, உள்ளே உட்கார்ந்திருக்கிற வளர்ந்த பெண்கள் எல்லாம் ஊளையிடுகிறார்கள். அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"தங்கச்சி, முப்பத்தஞ்சு வருசத்துல நான் போன எடமெல்லாம் எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணு சாவு, ஒண்ணு கல்யாணம், இல்லன்னா சாமி, இல்லன்னா ஆஸ்பத்திரி. யாரும் சாகாம, யாரும் தாலி கட்டாம, ஒரே ஒரு தடவை இவரோட எங்கயாவது போகணும். அந்தப் படகுல உக்காரணும்."

என் மனைவிக்கு எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாது என்பதற்கு இதுவே சாட்சி. மண்டோரைச் சம்மதிக்க வைக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டாள். இந்தத் துறையில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். அவர்களுக்காகத்தான் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்று அழுதார்கள். சாயங்காலம் வரை மாட்டேன் என்று அடம் பிடித்தது நான்.

அடுத்த முறை அவர் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். நாம் நாலு பேரும் போகலாம், பிள்ளைகுட்டி யாரும் வேண்டாம் என்றேன். அது சின்னப் பிள்ளைகள் போகிற இடம் என்றார். சின்னப் பிள்ளைக்கு அது வீண் செலவு, உயரம் போதாது என்று பாதி இராட்டினத்தில் ஏற்றவே மாட்டான், மீதியில் ஏறினால் அழும் என்றேன். பெரியவனுக்குத்தான் அது பொருத்தம், மறக்க வேண்டிய சங்கதி பெரியவனிடம்தானே இருக்கிறது, தலைகீழாகத் தொங்கும்போது ஒருத்தனுக்கும் வீட்டுக் கவலை ஞாபகம் வராது என்றேன். குலுக்கித் தூக்கிப் போடுவதுதான் சுகம் என்றால் உன் லாரியில் ஆலைவரை வந்தாலே போதுமே என்றார். அங்கே இடுப்புக்குப் பட்டை போடுவான் அண்ணே என்றேன். உன் லாரியிலும் போடலாமே, அதை அறுத்து முருங்கை மரத்துக்குக் கட்டினது யார் என்றார். பேச்சு இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ஜெயிப்பதாகவே எனக்குத் தோன்றியது. பொதுவாக நான் தோற்கிறபோதுதான் எனக்கு அப்படித் தோன்றும்.

கடைசியாக அவர், "லீவு போடணும்ல தம்பி. லீவு பாரத்துல செபாப் எழுதுற எடத்துல என்னான்னு எழுதுறது?" என்றார்.

இதற்கா இந்தப் பாடு என்று எனக்குக் குஷியாகிவிட்டது. நான் நிபுணனாக இருக்கிற ஒரே துறை.

"பெரியப்பா செத்துட்டாருன்னு போடுங்கண்ணே. என் மாமா நாலு தடவை செத்தாரு. உங்க பெரியப்பா ஒரு தடவை சாகக்கூடாதா லா?"

அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். பாதிகூடக் குடிக்கவில்லை. எழுந்து போனார். போவதற்குக் காரணம் சொல்லவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பாத்தியா, மடக்கிட்டேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. முறைப்படி கிண்ணம் எங்கள் வீட்டில் இருந்தது, நான்தான் போயிருக்க வேண்டும். காட்டில் லாரி நிறுத்துகிற இடத்தில் பார்த்தால் குலையைப் பற்றி மட்டும் பேசினார். மூன்றாவது வாரம் அண்ணியே வந்தாள். கிண்ணத்தை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போகாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

மண்டோர் பிறந்தது போர்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கடல் எட்டு மைல். எட்டு வயதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. பிள்ளைகள் நச்சரித்தார்கள் என்று அவருடைய அப்பா ஒருநாள் பெரட்டில் நின்று, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் லீவு கேட்டார். கிராணி என்ன காரணம் என்றார். பிள்ளைகளுக்குக் கடல் காட்ட என்றார் அப்பா. கிராணி சிரித்தார். கிராணி சிரித்ததால் அன்றைய மண்டோரும் சிரித்தார். மண்டோர் சிரித்ததால் களமே சிரித்தது. லீவு இல்லை. அடுத்த வாரம் அதே மனிதர் அதே இடத்தில் நின்று, கெமாஸில் ரயில் வேலை பார்க்கிற என் அண்ணன் செத்துப்போனார் என்றார். உடனே இரண்டு நாள் கொடுத்தார்கள். குடும்பமே கடலுக்குப் போனது. அலையில் ஓடியதும் ஈரக் காற்சட்டையோடு பஸ்ஸில் நின்று வந்ததும் மண்டோருக்கு இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறதாம்.

ஒரு மாதம் கழித்து கெமாஸிலிருந்து ஆள் வந்தது. அண்ணன் காய்ச்சலில் நிஜமாகவே செத்துப்போனார். அவருக்குப் பிள்ளை கிடையாது, தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பா மறுபடியும் பெரட்டில் போய் நின்றார்.

"ஒங்கண்ணன் எத்தன தடவைய்யா சாவான்?" என்று கேட்டாராம் கிராணி.

களம் மறுபடியும் சிரித்தது. லீவு இல்லை. அன்றைக்கு அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போனார். அங்கே யாரோ ஒருவர் கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் சாகும்வரை பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை.

"அவருக்கு ஒம்மேல கோவம் இல்ல தம்பி. எங்கயாவது சந்தோசமா போறதுன்னாலே அவருக்கு அந்தச் சிரிப்புதான் கேக்குது. எனக்குந்தான் இந்த வயசுல என்ன படகு, விடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கிண்ணத்தை அவளிடம் கொடுத்தனுப்பவில்லை. நானே கொண்டு வருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இருபது வருடமாக நான் சொல்லிச் சிரித்த கதைக்கு அந்தக் கிராணிதான் மூல ஆசிரியர் என்று தெரிந்ததில், எழுத்தாளனுக்குரிய பெருமை எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. நான்கு சாவுக்கும், மீன்நாற்றத்தோடு நின்ற அன்றைக்கும்கூட, என்னை அவர் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. ஒருவேளை ஐந்தாவது தடவை நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்றுதான் விட்டிருக்கிறார்.

மறுநாள் என் மனைவி பாசிப்பருப்புப் பாயசம் வைத்துத் தந்தாள். எடுத்துப் போனேன்.

"என்னா விசேசம்?" என்றார், கிண்ணத்தை எட்டிப் பார்த்து.

"தப்பா பேசிட்டேண்ணே. அதுக்குத்தான்."

யோசித்தார். "அது சரியான காரணந்தான்" என்று வாங்கிக் குடித்தார்.

குடித்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. பிறகு, தயாரித்து வைத்திருந்த நகைச்சுவை எதுவும் ஞாபகம் வராததால், மனசில் பட்டதைச் சொன்னேன்.

"உங்கப்பா முதல்ல உண்மையத்தாண்ணே சொன்னாரு. சிரிச்சாங்க, அதனாலதான் பொய் சொன்னாரு. சின்னப் புள்ளைக்குக் காரணம் வேணாம், அது பாட்டுக்கு வெளையாடும். பெரியவங்கதான் போகணும், நம்மதான் செபாப் எழுதணும். நீங்க உண்மைய எழுதுங்க. எவன் சிரிக்கிறான்னு நான் வந்து நின்னு பாக்குறேன்."

அவர் எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போனார்.

நான்கு நாள் கழித்து ஆபீஸிலிருந்து கிராணி கூப்பிட்டாள். இப்போதைய கிராணி எங்கள் லயத்திலேயே வளர்ந்த பெண், கணினி படித்தவள். "அங்கிள், மண்டோர் அங்கிள் லீவு பாரத்த கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். ஓடினேன். மேஜைக்கு முன்னால் மண்டோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பாரத்தில் செபாப் என்று அச்சடித்த இடத்தில் பெரிய எழுத்தில் 'பெர்மாயின்' என்று எழுதியிருந்தது. விளையாட. அதற்குக் கீழே, சந்தேகம் வரக்கூடாது என்று, 'மனைவியுடன்' என்றும் எழுதியிருந்தார்.

குடும்ப விஷயம் என்று மாற்றித் தருகிறேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

"உள்ளதத்தாம்மா எழுதியிருக்கேன்" என்றார்.

மேனேஜர் உள்ளேயிருந்து வந்து பாரத்தை வாங்கினார். மகன் வயதிருக்கும் மலாய்க்காரர். படித்தார். மறுபடியும் படித்தார். மண்டோர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிராணியின் உதட்டை. பிறகு என்னுடையதை. அந்த அறையில் சிரித்துவிடக்கூடிய ஒரே பிராணி நான்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு என் மாமா நிஜமாகவே செத்ததாக நினைத்துக்கொண்டேன். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஒருநாள் போதுமா பக்?" என்று மலாயில் கேட்டார்.

போதும் என்றார் மண்டோர். வெளியே வந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போனார்.

தீம் பார்க்குக்கு அவர் போட்டுக்கொண்டு வந்தது துக்க வீட்டு வெள்ளைச் சட்டை. நல்ல சட்டை என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை. இரத்தக் கொதிப்பு, முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று. அதைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் உள்ளே போக முடியாது. இந்தத் திட்டத்தின் சூத்திரதாரியான நான் முதல் இராட்டினத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, அது மண்டோரின் கை. அதற்குப் பிறகு எனக்கு இரத்தக் கொதிப்பு ஞாபகம் வந்துவிட்டது. மீதி நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் பையையும் காத்தேன்.

படகில் ஏறுகிற இடத்தில் அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். செருப்பு போட்டுக்கொள்ளலாம் என்று அங்கே நின்ற பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். படகு மேலே போனது, நின்றது, விழுந்தது. அண்ணி கத்தவில்லை. தண்ணீர் முகத்தில் அறைந்ததும் சிரித்தாள். நான்கு கதவு தள்ளி இத்தனை வருடம் குடியிருக்கிறேன், அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

மண்டோர் சொட்டச் சொட்ட இறங்கினார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய் மறுபடியும் அதே வரிசையில் நின்றார். என்னண்ணே இது என்று கத்தினேன்.

"சட்டைதான் நனைஞ்சிடுச்சே" என்றார்.

இரண்டாவது முறை நனைந்துவிட்டு, வானத்தில் ரயில் மாதிரி தலைகீழாகப் போகிறதே, அதில் ஏறப் போனார். "சட்டை காயணும்ல தம்பி. காத்து அங்கதான் நல்லா அடிக்குது." காய்ந்ததும் மறுபடியும் படகு, வெயில் அதிகமாம். இப்படிப் பார்க்கை மூடும்வரை அந்த மனிதர் ஏழெட்டு இராட்டினம் ஏறினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அண்ணி அவர் காரணத்தைக் கேட்டுக்கொண்டு கூடவே ஏறினாள்.

மறுநாள் பெரட்டில் கும்பலில் எவனோ அவரிடமே "செபாப் அபா, பக்?" என்று கேட்டுவிட்டான். "விளையாடப் போனேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு ஆள் எண்ண ஆரம்பித்தாராம். களம் சிரித்தது. அவரும் சிரித்தார் என்கிறார்கள். நான் அப்போது லாரியில் இருந்தேன், அதனால் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

வேலைக்காலம் முடிந்ததும் தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு, செனாவாங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். போகிற அன்றைக்கு அவர் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். அதாவது அடுத்த முறை நான்தான் போக வேண்டும். கள்ளத்தனமான ஏற்பாடு. ஊறுகாய் தீர்ந்து மூன்று மாதமாகியும் நான் போகவில்லை. சாயங்காலத் தேநீருக்குக் கண் தானாக வாசலைப் பார்க்கிறது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். என் மனைவி கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அதிரசம் அடுக்கி, துணி கட்டிக் கையில் கொடுத்தாள். வாசல்வரை எடுத்துப் போனேன். பிறகு திரும்பி வந்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். மறந்து வைக்கிறேன் என்று நினைத்து அவள் கத்தினாள். மறக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

செனாவாங்கில் ஒரே மாதிரி வரிசை வீடுகள். மூன்று தப்பான கதவைத் தட்டிவிட்டு நான்காவதைத் தட்டினேன். மண்டோரே வந்து இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றார். இளைத்திருந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். வலது கை. இடது கை. முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"செபாப் அபா?" என்றார்.

"சும்மாதாண்ணே" என்றேன்.

பூட்டில் கையை வைத்தவர் மறுபடியும் என் இரண்டு கையையும் பார்த்தார். திறக்கமாட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு வீட்டுக்குள் திரும்பி, பெரட்டுக் களத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில், செனாவாங் முழுக்கத் தெரியட்டும் என்பதுபோல் சொன்னார்.

"இந்தா, டீ போடு. தம்பி வந்திருக்கான். சும்மா வந்திருக்கானாம்."